கத்திக்கு ஒரு சென்ட்

அன்புள்ள ஐயா,

சில வாரங்களுக்கு முன் உங்கள் எழுதும் மேசையின் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். தாள்களின் மேல் ஒரு பழைய மடக்குக்கத்தி கிடந்தது. அதைப் பார்த்ததும் இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

என் மகன் ஆறு ஆண்டுகளாக ஒஹாயோவில் இருக்கிறான். சனிக்கிழமை காலைகளில், தன்னைவிட முப்பது வயது மூத்த நாலைந்து பேரோடு உட்கார்ந்து பேனாக்கத்தி பார்க்கிறானாம். தினமும் காலையில் ‘இன்று பையில் எது’ என்று ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் மாம்பழம் நறுக்கக்கூடக் கத்தியைத் தொடாதவன், இப்போது ஒரு பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறான். ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினான். அதில் ஒரு சென்ட் காசு ஒட்டியிருந்தது. ‘மகன் அப்பனுக்குக் கத்தியா கொடுப்பான்?’ என்று என் மனைவி அதைப் பரணில் போட்டுவிட்டாள். ஏழு மாதம் ஆகிறது. டிசம்பரில் அவன் வருகிறான்.

ஒரு கத்தியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இவர்கள் என்ன பேசுவார்கள்? இது நட்பா, அல்லது பொருள் வாங்கும் பைத்தியமா?

ஆர்.எஸ்., ஈரோடு

அன்புள்ள ஆர்.எஸ்.,

காசு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் முக்கியம், ஆனால் மற்றதைச் சொல்லாமல் அது விளங்காது.

2009இலிருந்து நான்கு ஆண்டுகள் பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலையில், ஈரி நகரில் வேலை பார்த்தேன். ஏரிக்கரை ஊர். நவம்பரில் பனி கொட்ட ஆரம்பித்தால் பங்குனி முடிந்தும் விடாது. அலுவலகத்துக்கு முன்னால் ஒரு சின்ன உணவுக்கடையில் காபி குடிப்பேன். மூலை மேசையில் ஐந்து பெரியவர்கள் இருப்பார்கள். காபி வருவதற்கு முன் ஐந்து பேரும் சொல்லி வைத்தாற்போல் கால்சட்டைப் பைக்குள் கைவிடுவார்கள். மேசைமேல் ஐந்து மடக்குக்கத்திகள் வந்து விழும். முதல் நாள் நான் என் கோப்பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் அவர்களில் உயரமானவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைக் கூப்பிட்டார். இந்தியாவா என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஒரு கத்தியை என் பக்கம் தள்ளி, ‘இதன் பிடி உங்கள் ஊர்’ என்றார். கடமான் கொம்பு. ஆண்டுதோறும் காட்டில் உதிரும் அந்தக் கொம்புகள் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கும் அமெரிக்காவுக்கும் கத்திப்பிடிக்காகக் கப்பலேறின. இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தபின், பழைய கொம்புப்பிடிக் கத்திகளுக்கு மவுசு கூடிவிட்டது. ‘அந்த மிருகத்தை நேரில் பார்த்திருக்கிறாயா?’ என்று கேட்டார். முதுமலையில் பலமுறை பார்த்திருக்கிறேன் என்றேன். ஐந்து தலைகளும் திரும்பின. மறுநாளிலிருந்து அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி.

என்ன பேசுவார்கள் என்று கேட்டீர்கள். சத்தியமாகக் கத்தியைத்தான் பேசுவார்கள். அவர்கள் சேர்ப்பது பூட்டு இல்லாத பழைய பாணிக் கத்திகள். ஸ்லிப்ஜாயின்ட் என்று பெயர். முதுகில் இருக்கும் வில்தகடு அழுத்துவதால்தான் அலகு திறந்த நிலையில் நிற்கும், மடக்கினால் மடங்கும். திறக்கும்போது அலகு எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறது என்பது அதன் நடை. கடைசியில் ‘டக்’ என்று விழும் ஓசை அதன் பேச்சு. வாக் அண்ட் டாக் என்றே சொல்வார்கள். அந்த ஐவரில் ஒருவர் காதுக்கருவியைச் சட்டைப்பையில்தான் வைத்திருப்பார். நாங்கள் பேசும்போது மாட்டமாட்டார். புதிதாக ஒரு கத்தி வந்தால் எடுத்து மாட்டிக்கொண்டு, காதருகே வைத்துத் திறந்து மூடிக் கேட்பார்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பிழைப்பு. பார்லோ, டிராப்பர், கேனோ, உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் பீனட். ஸ்டாக்மேன் என்பது மாடு மேய்ப்பவனுடையது, அதில் மூன்று அலகுகள். கூர்முனை உள்ளது பொது வேலைக்கு. நேர்விளிம்புள்ள ஆட்டுக்குளம்பு அலகு தோல், கயிறு, குளம்பு சீவ. மூன்றாவதான ஸ்பே அலகு கன்றுக்குக் காயடிக்க. ஈரோட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு சின்ன அலகுக்குப் பெயரே பேனா அலகு. இறகுப்பேனாவின் முனை சீவ உண்டானது. நாம் பேனாக்கத்தி என்று சொல்வது அந்த வழியில் வந்த சொல்தான். ஓலை எழுதிய காலத்தில் நம்மிடமும் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலை வாரும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். உயரமானவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் புள்ளிகள். ஈரியிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் பிராட்ஃபோர்டு. கேஸ் என்ற நிறுவனத்தின் கத்திகள் அங்கேதான் செய்யப்படுகின்றன. 1970இல் அந்த நிறுவனம் அலகின் அடிப்பகுதியில் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் பொறித்தது. அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்து எட்டு என்று ஆண்டுக்கொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. உயரமானவரின் கத்தியில் ஆறு புள்ளி, அதாவது 1974. ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருடைய அப்பா கொடுத்தது. 6318 என்ற எண்ணைக் காட்டி, 6 என்றால் வரிவெட்டிய எலும்புப் பிடி, 3 என்றால் மூன்று அலகு, மிச்சம் வகையின் எண் என்று படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அப்பாவைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். எண்ணை விளக்கும் சாக்கில் ஒரு வரி.

அந்தக் கத்திகளின் எஃகு பெரும்பாலும் துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகு. ஆப்பிள், வெங்காயம் என்று வெட்ட வெட்ட நீலமும் சாம்பலுமாக ஒரு நிறம் ஏறும். வாழைப்பூ அரிந்த அரிவாள்மனை கறுத்திருக்குமே, அதே சங்கதி. அந்தப் படலம் செந்துருவைத் தள்ளிப் போடும். இவர்கள் அந்தக் கறையைத்தான் ரசிப்பார்கள். வாங்கிப் பெட்டியில் பூட்டிய, எதையும் வெட்டாத கத்தியை சேஃப் குயீன் என்று கேலி செய்வார்கள். கேலி செய்பவர் வீட்டிலும் அப்படி இருபது இருக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, இது நட்பா?

2011 குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐவரில் மூத்தவருக்குக் கீல்வாதம். வில்தகடு விறைப்பான கத்தியைத் திறக்க, அலகில் இருக்கும் சின்னக் குழியில் பெருவிரல் நகத்தை மாட்டி இழுக்க வேண்டும். அன்று அவரால் முடியவில்லை. இரண்டு தரம் முயன்றார், மூடிய கத்தியை அப்படியே கோப்பைக்குப் பின்னால் வைத்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பேச்சு பென்சில்வேனியாவிலேயே இருக்கும் டைட்டஸ்வில்லுக்குத் திரும்பியது. அங்கே 2006இல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற புதுக் கத்திப் பட்டறை ஆரம்பித்திருந்தார்கள். பழைய கத்தி நிறுவனமான ஷ்ரேட் 2004இல் மூடியாயிற்று, இன்னொன்றான கமிலஸ் அப்போது மூடும் நிலையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாராவது பழைய பாணிக் கத்தி செய்ய முதல் போடுவார்களா என்று அவர்கள் அடிக்கடி வியப்பதுண்டு. அன்றும் அதையே வியந்தார்கள்.

அடுத்த வாரம் உயரமானவர் ஒரு கத்தியைக் கொண்டுவந்து மூத்தவரிடம் புலம்பினார். ‘இதை வாங்கித் தொலைத்துவிட்டேன், எனக்கு ஒத்துவரவில்லை, உன்னுடைய அந்தப் பழைய ஸ்டாக்மேனுக்கு மாற்றிக்கொள்கிறாயா?’ அந்தக் கத்தியின் பிடியில் பிறைபோல ஒரு வெட்டு இருந்தது. ஈஸி ஓப்பன் என்பார்கள். நகம் வேண்டியதில்லை, இரு விரலால் அலகையே பிடித்துத் திறந்துவிடலாம். மூத்தவர் வெகுநேரம் பேரம் பேசினார். தன் கத்திதான் அதிக விலை போகும், மேலே தனக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியும் குடித்தார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். வியாதி என்ற சொல் அந்த மேசையில் வரவே இல்லை.

அந்தத் தலைமுறை அமெரிக்க ஆண்களுக்கு, ‘உடம்பு எப்படி இருக்கிறது, தூங்கினாயா’ என்று நேருக்கு நேர் கேட்க வராது. நம் அப்பாக்களுக்கு மட்டும் வந்ததா என்ன? என் அப்பா தன் நண்பரோடு நாற்பது ஆண்டுகள் மழையையும் மஞ்சள் விலையையும் மட்டுமே பேசினார். உங்கள் மகனுக்குத் தினமும் காலையில் வரும் படமும் அதே வகைதான். ஒருநாள் படம் வராவிட்டால் யாராவது ஒருவர் போன் செய்வார், பாருங்கள்.

பைத்தியமும் உண்டு, மறைக்கவில்லை. புதுக் கத்தி வந்த சில நிமிடங்களில் நாலைந்தாக அள்ளி, மறுநாளே விலையேற்றி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். போலி முத்திரை குத்துபவர்கள், இரண்டு உடைந்த கத்திகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் ‘பழசு’ என்று தலையில் கட்டுபவர்கள் எல்லோரும் உண்டு. மனிதனுக்கு இருப்பது இரண்டு பைகள், எதற்கு நானூறு கத்தி? இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் மகனின் பெட்டி ஒன்றோடு நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெட்டி வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஆனால் அந்த நானூறு கத்திக்காரர், காதுக்கருவிக்காரர்தான், இறந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் ஊர் திரும்பியபின் நடந்தது, கடிதத்தில் தெரிந்துகொண்டேன். அவர் மனைவிக்கு எது ஐந்து டாலர், எது ஐந்நூறு டாலர் என்று தெரியாது. மொத்தமாக அள்ளிக்கொண்டு போக ஒரு வியாபாரி வந்து நின்றிருக்கிறார். மிச்சமிருந்த நால்வரும் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, முத்திரை படித்து, விலைச்சீட்டு கட்டிக் கொடுத்தார்கள். வேண்டியதைத் தங்களுக்குள் எடுத்துக்கொண்டபோது தாங்கள் எழுதிய விலையையே கொடுத்தார்கள். கணவருடைய நண்பர் ஒருவரின் முழுப்பெயர் அந்த அம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

இனி காசு.

என் முதல் கத்தி உயரமானவர் கொடுத்தது. கொடுத்த கையோடு உள்ளங்கையை நீட்டி ‘ஒரு சென்ட்’ என்றார். கத்தியை இனாமாகக் கொடுத்தால் அது நட்பை வெட்டிவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் உண்டு. ஒரு காசு வாங்கிவிட்டால் அது பரிசு இல்லை, வியாபாரம். வெட்டாது. நம் வீட்டுப் பெண்கள் கத்தியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வதும் இதே பயத்தில்தானே.

அந்தக் கத்தியை நான் ஓராண்டில் பறிகொடுத்தேன். 2012இல் ஊருக்கு வரும்போது பையிலேயே மறந்து, ஒரு விமான நிலையத்தின் சோதனை வாசலில் குப்பைத்தொட்டிக்குள் என் கையாலேயே போட்டேன். தவறு என்னுடையதுதான். திரும்பிப் போனதும் சொல்ல வாயில்லை. காலையில் எல்லோரும் பைக்குள் கைவிடும்போது, ‘வீட்டில் வைத்துவிட்டேன்’ என்பேன். மூன்றாம் நாள் உயரமானவர் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: ‘எந்த ஏர்போர்ட்?’

அந்த மேசையில் அப்படிப் பறிகொடுக்காதவர் ஒருவர்கூட இல்லை. ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். அடுத்த வாரம் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நீங்கள் படத்தில் பார்த்தது அதுதான். ஐவரும் சேர்ந்து வாங்கியதால் ஐந்து பேருக்கும் தனித்தனியாக ஒரு சென்ட் கொடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் மூன்றுதான் இருந்தது. இரண்டைப் பரிமாறும் பெண்ணிடம் கடன் வாங்கினேன்.

ஆகவே, ஆர்.எஸ்., கத்தியோடு ஒட்டியிருந்த காசு உங்களுக்கு அனுப்பியது இல்லை. வாங்குபவரிடம் அந்த நேரத்தில் காசு இல்லாமல் போய்விடக் கூடாதே என்று கொடுப்பவரே கூடவே வைப்பது. அதை எடுத்து அவனிடமே திருப்பித் தந்தால்தான் கணக்கு முடியும். அம்மா என்ன சொல்வார் என்று தெரிந்துதான் ஒட்டியிருக்கிறான். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், பரண் ஏணி தானாக வரும்.

இறக்கியதும் திறந்து பாருங்கள். செந்துரு இருந்தால் துணியால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு நாலைந்து தரம் மடக்கித் திறங்கள். வழியும் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் பழம் வெட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறிவிடும். அலகின் அடியில் முத்திரை எதுவும் இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.

ஏழு மாதத்தில் அந்த சென்ட் தொலைந்து போயிருந்தாலும் பரவாயில்லை. டிசம்பரில் அவன் வாசலில் பெட்டியை இறக்கி வைத்ததும் ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். இன்றைய மாற்று விலைக்கு ஒரு சென்ட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். மீதியைக் கேட்காதீர்கள்.