எடி கரண்ட் புரோப் (ஷாஃப்டைத் தொடாமலே அதன் இடைவெளியையும் அதிர்வையும் அளக்கும் சென்சார்): கேட்டவையும் பதில்களும்

கேள்வி: பாய்லர் ஃபீட் பம்ப்பில் புது 8 மி.மீ. புரோப் போடுகிறோம் சார். ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து, முனைக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள இடைவெளி பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், ஷாஃப்ட் கீறல் விழும். மல்டிமீட்டரை ப்ராக்ஸிமிட்டர் (புரோப் சிக்னலை வோல்ட்டாக மாற்றும் பெட்டி) அவுட்புட்டுக்கும் காமன் முனைக்கும் நடுவே வைத்து, சப்ளை மைனஸ் 24 வோல்ட்டா என்று உறுதி செய்துகொண்டு மெதுவாகத் திருகுங்கள். மைனஸ் 10 வந்ததும் நிறுத்துங்கள். மில்லிமீட்டருக்கு 7.87 வோல்ட் கணக்கில் அது சுமார் 1.27 மி.மீ. கேபிள் முறுக்காமல் கூடவே சுற்றட்டும். லாக் நட் இறுக்கும்போது புரோப்பும் நகரும், இறுக்கிய பின் மறுபடி பாருங்கள்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. முனை இன்னும் பேரிங் துளைக்குள் இருந்தால், பக்கச் சுவரையே ஷாஃப்ட் என்று எடுத்துக்கொண்டு மைனஸ் 10 காட்டிவிடும். இன்னும் திருகினால், முனை துளையை விட்டு வெளியே வரும்போது மீட்டர் மைனஸ் 20 பக்கம் போய், ஷாஃப்ட் நெருங்கியதும் மறுபடி இறங்கும். அந்த இரண்டாவது மைனஸ் 10 தான் சரி.

கேள்வி: ப்ராக்ஸிமிட்டர் 9 மீட்டருக்கானது. கையில் இருக்கும் புரோப்பும் எக்ஸ்டென்ஷனும் சேர்த்து 5 மீட்டர்தான். ஓட்டலாமா?

பதில்: கூடாது. கேபிளும் அந்தச் சர்க்யூட்டில் ஒரு பாகம், நீளம் மாறினால் அளவே தப்பு. மிச்சத்தை வெட்டி ஒட்டுவதும் இதே பாவம்தான்.

கேள்வி: டர்பைன் 300 ஆர்.பி.எம்.மில் ஊரும்போதே 20 மைக்ரான் அதிர்வு வருகிறதே?

பதில்: அந்த வேகத்தில் அன்பேலன்ஸ் பெரிதாகப் பேசாது. டர்னிங் கியரில் (ஷாஃப்டை மெதுவாகச் சுற்றும் அமைப்பு) சில மணி நேரம் விடுங்கள். அளவு குறைந்துகொண்டே வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அளவு மாறாமல் நின்றால் ரன்அவுட் (ஷாஃப்ட் அதிராமலே அதிர்வு போல வரும் பொய் அளவு): கீறல், துரு, ஷாஃப்டில் தங்கிவிட்ட காந்தத்தன்மை, அல்லது புரோப் பார்க்கும் இடத்தில் குரோம் பூச்சு. டயல் கேஜ் வைத்து மெக்கானிக்கல் பங்கைப் பிரித்துவிட்டு, மீதிக்கு டீமேக்னடைஸ் செய்யுங்கள். ஏபிஐ 670 (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் மெஷின் பாதுகாப்புத் தரநிலை) அனுமதிக்கும் ரன்அவுட், அதிர்வு வரம்பில் 25 சதவீதம் அல்லது 6 மைக்ரான், இரண்டில் எது அதிகமோ அது.

கேள்வி: மெஷின் நிற்கும்போதும் ரீடிங் குதிக்கிறது.

பதில்: ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். கண்டூயிட்டுக்குள் கனெக்டர் இரும்பைத் தொடுகிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள்.

கேள்வி: பால் பேரிங் மோட்டாருக்கும் இதையே போடலாமா?

பதில்: பயனில்லை. அங்கே ஷாஃப்ட் ஹவுசிங்கோடு சேர்ந்தே ஆடும். ஹவுசிங்கில் ஆக்சிலரோமீட்டர் போடுங்கள்.