‘எல்லாம் வளர்ப்பில்தான்’ என்று குட்டி விற்பவர் சொன்னால்…

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. ராட்வைலர் குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பிறந்து 38 நாள் ஆகிறது. “அது கொலைகார ஜாதி, வேண்டவே வேண்டாம்” என்கிறார் மாமனார். “நாயிடம் குறை இல்லை, எல்லாம் வளர்ப்பில்தான்” என்கிறார் விற்பவர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே பாதி சொல்கிறார்கள். மாமனார் சொல்லும் பாதியில் பயம் இருக்கிறது. விற்பவர் சொல்லும் பாதியில் கணக்கு இருக்கிறது. எல்லாம் வளர்ப்பில்தான் என்று நீங்கள் ஒப்புக்கொண்டால், நாளைக்கு நாய் கடித்தால் பழி முழுக்க உங்கள் தலையில். குட்டியின் குணத்தில் கணிசமான பங்கு அவர் கையில் இருந்த வாரங்களிலேயே உருவாகிவிடுகிறது என்ற விஷயத்தை அந்த ஒரு வரி சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. ‘38 நாள்’ என்று படித்ததுமே என் கவலை இனத்தை விட்டு அங்கே போய்விட்டது.

முதலில் மாமனாருக்குப் பதில். வளர்ந்த ஆண் ராட்வைலர் தோள்பட்டை வரை 61 முதல் 68 சென்டிமீட்டர் உயரம், எடை 50 கிலோ அளவில் இருக்கும். பெண் 42 கிலோ. ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் இது. பிறகு போலீஸ் வேலைக்கும் போனது. மாடு முட்ட வந்தாலும் பின்வாங்காத நாயைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பின்வாங்காமை இன்றும் ரத்தத்தில் இருக்கிறது. ஆகவே இனம் முக்கியமாகச் சொல்வது, கடித்தால் காயம் எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதை. உரிமையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வுகளில் மனிதர்களிடம் சீறும் விஷயத்தில் முன்னால் நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா என்ற சின்ன உருவ இனங்கள்தான். நான்கு கிலோ நாய் சீறினால் வீட்டார் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறார்கள். ஐம்பது கிலோ நாய் அதே காரியத்தைச் செய்தால் ஆஸ்பத்திரி.

எண்களையும் மறைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி இறந்தவர்களில் இனம் பதிவான 238 சம்பவங்களில் பாதிக்கு மேல் ராட்வைலரும் பிட்புல் வகையும்தான். மாமனார் கையில் இருப்பது இந்த எண். ஆனால் அந்த இனங்களில் மொத்தம் எத்தனை நாய்கள் இருந்தன, அவை எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதை அது சொல்லாது. அதே நாட்டில் 2000 முதல் 2009 வரையிலான 256 மரணங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. 87 சதவீதத்தில் தடுக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை. 84 சதவீதம் கருத்தடை செய்யாத நாய்கள். 76 சதவீதம் குடும்பத்தோடு பழகாமல் ஒதுக்குப்புறமாக வைக்கப்பட்டவை. இப்படிப்பட்ட காரணங்களில் நான்கோ அதற்கு மேலோ ஒன்றுசேர்ந்திருந்தது 80 சதவீதத்தில். இனத்தை நம்பகமாக உறுதிசெய்ய முடிந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான சம்பவங்களில்தான்!

இந்த இடத்தில்தான் எரிச்சல் வருகிறது. நாய் கடித்ததும் நிரப்பும் படிவத்தில் இனம் என்ற கட்டம் இருக்கிறது. யாரோ ஒருவர் பார்வையிலேயே அதை நிரப்புகிறார்; கறுப்பும் பழுப்புமாக இருந்தால் ராட்வைலர். எத்தனையாவது நாளில் தாயிடமிருந்து பிரித்தார்கள், யார் விற்றார், சங்கிலியில் எத்தனை மணி நேரம் என்பதற்குக் கட்டமே கிடையாது. பிறகு இனப் பட்டியல் போட்டுத் தடை செய்கிறார்கள். நெதர்லாந்து 1993-இல் பிட்புல்லைத் தடை செய்து, கடி குறையாததால் 2008-இல் விலக்கிக்கொண்டது. பட்டியலில் ஒரு பெயர் ஏறினால், விற்பவர் அடுத்த மாதமே வேறு பெயரில் விற்பார். அவரைத் தேடி யாரும் போவதில்லை.

இனி விற்பவரின் பாதி. ஆயிரக்கணக்கான நாய்களின் மரபணுவையும் நடத்தையையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில், ஒரு தனி நாயின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது 9 சதவீதம் மட்டுமே. இதை ஓடிவந்து காட்டும் வியாபாரிகள் அதே ஆய்வின் இன்னொரு பாதியைச் சொல்ல மாட்டார்கள்: பெரும்பாலான குணங்களில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், இனத்தின் பெயரைக் கேட்டுக் குணத்தை ஊகிக்க முடியாது. தாயையும் தகப்பனையும் பார்த்தால் ஓரளவு முடியும். எனவே தாயைப் பாருங்கள், அதுவும் குட்டிகளோடு, அது வாழும் இடத்திலேயே. “தாய் பண்ணையில் இருக்கிறது, போட்டோ அனுப்புகிறேன்” என்றால் உங்கள் எதிரே நிற்பவர் புரோக்கர். புது ஆளைக் கண்டு தாய் குரைக்கலாம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் சில நிமிஷத்தில் அடங்கி உங்களை முகர்ந்து பார்க்க வேண்டும். ஆள் வந்தாலே அறைக்குள் பூட்டிவைக்க வேண்டிய தாயின் குட்டி உங்களுக்கு வேண்டாம்.

குட்டிக்கும் ஒரு சின்னச் சோதனை. இரண்டு மீட்டர் தள்ளிச் சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். திடுக்கிட்டுச் சில நொடிகளில் தெளிந்து முகர வந்தால் நல்லது. மூலைக்கு ஓடி வெளியே வராமலே இருந்தால், அந்தப் பயம்தான் இரண்டு வயதில் பல்லாக வெளிப்படலாம்.

இப்போது 38 நாள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை, குட்டியின் மூளை ‘இது சகஜம், இது ஆபத்து’ என்று உலகத்தைப் பிரித்துக்கொள்ளும் காலம். இதில் ஐந்து முதல் எட்டு வாரம் கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும் பருவம். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி கற்பது அப்படித்தான். உங்கள் குட்டி அந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் இருக்கிறது. பிறகு ஏன் இப்போதே விற்கிறார்? எட்டு வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவு, தடுப்பூசிச் செலவு, கழுவுகிற வேலை எல்லாம் அவருடையது. அதோடு, ஐந்து வாரக் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், சட்டென்று விலை போகும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையும் சமயம் என்பதால், குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுநோயான பார்வோ வந்தால், அதுவும் உங்கள் செலவு. ராட்வைலர் குட்டிகளுக்குப் பார்வோ ஆபத்து மற்ற இனங்களைவிட அதிகம்.

‘ஜெயன்ட்’, ‘கிங்’, ‘டபுள் போன்’ போன்ற பட்டங்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இனத் தரவரையறையில் அப்படி எதுவும் இல்லை. வாலை வெட்டிக் கொடுப்பதும் பெருமை இல்லை, சர்வதேசத் தரவரையறை கேட்பது முழு வால். பெடிக்ரி பேப்பரில் (வம்சாவளிச் சான்று) உள்ள, தோலுக்கடியில் பதிக்கும் மைக்ரோசிப்பின் எண்ணைக் குட்டியின் கழுத்தில் ஸ்கேனர் வைத்துச் சரிபாருங்கள். சரியாகவே இருந்தாலும் அது பிறப்புச் சான்றிதழ்தான், நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு காத்திருக்கும் அடுத்த ஆள், நாலு மாதக் குட்டிக்குக் ‘கார்டு ட்ரெயினிங்’, அதாவது காவல் பயிற்சி, தருகிறேன் என்பவர். சாக்கையும் குச்சியையும் ஆட்டிக் குட்டியை வெறியேற்றுவார். அவர் சொல்லிக்கொடுப்பது, அந்நியர் என்றால் அபாயம் என்ற ஒரே பாடம். காவலுக்கு ராட்வைலரின் உருவமும் ஒரு குரைப்பும் போதும். குட்டியைக் குப்புறத் தள்ளி அமுக்கி ‘நான்தான் தலைவன்’ என்று காட்டச் சொல்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உறுமினால் அடிக்கச் சொல்பவர் இன்னும் மோசம். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, உடம்பு விறைப்பது, உறுமுவது என்று நாய் படிப்படியாக எச்சரிக்கிறது. உறுமலை அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். ‘திடீரென்று கடித்தது’ என்று சொல்லப்படும் நாய்களில் பல, உறுமக் கூடாது என்று பழக்கப்பட்டவை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது, ஆனால் நாள் தவறக் கூடாது. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். அது முடியட்டும் என்று குட்டியைப் பூட்டிவைத்தால் பழக்கும் காலம் முடிந்துவிடும். தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். குடை, தொப்பி, தாடி, கைத்தடி, ஓடும் பிள்ளைகள், பைக் சத்தம் என்று தினமும் புதிதாக ஒன்று, ஐந்து பத்து நிமிஷம். குட்டி தீனியை வாங்கித் தின்னும் தூரம்தான் சரியான தூரம். தின்ன மறுத்தால் பின்னுக்கு வாருங்கள். சாப்பிடும்போது கிண்ணத்துக்குள் கைவிட்டு ‘பழக்க’ வேண்டாம். பக்கத்தில் போய் அதைவிட ருசியான துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள். சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள்தான் நாயின் மனம் முதிர்கிறது. “இதுவரை தங்கமாக இருந்தது” என்ற புலம்பல் அந்த வயதில்தான் வரும். ஆகவே ஆறாம் மாதத்தோடு பழக்குவதை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நல்ல பரம்பரை, நல்ல வளர்ப்பு, இருந்தும் நாலு வயதில் நாய் சீறுகிறது. இனம், வளர்ப்பு இரண்டையும் விட்டுவிட்டு வலியைத் தேடுங்கள். ராட்வைலருக்கு இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டுக் கோளாறு, முழங்கால் தசைநார் கிழிவு, எலும்புப் புற்றுநோய் எல்லாம் மற்ற பல இனங்களைவிட அதிகம். நாய் அழாது. எழும்போது தயங்கும், மாடிப்படியில் நிற்கும், காரில் ஏற மறுக்கும், பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி ஓடும். படுத்திருக்கும் நாயின் முதுகில் குழந்தை சாய்ந்தால் கடிக்கும். வீட்டில் நடக்கும்போதும் எழும்போதும் செல்போனில் வீடியோ எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனைப் பதற்றத்தில் நாய் நொண்டலை மறைத்துவிடும். காதையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். அதிலும் தெளிவில்லை என்றால், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் வலிமருந்து கொடுத்துப் பார்க்கலாம்; சீற்றம் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. மனிதர் சாப்பிடும் பாராசிட்டமால், இபுபுரூஃபனை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷம். பரிசோதனைக்குக் கூண்டு வகை வாய்மூடி போடுங்கள், அதில் நாக்கை நீட்டி மூச்சிரைக்க முடியும். வாயை இறுகக் கட்டும் துணி வகை வேண்டாம்.

இனி உங்கள் குட்டி. முன்பணம் மட்டும் கொடுத்து, எட்டு வாரம் முடியும்வரை தாயோடு விடச் சொல்லுங்கள். இடையில் இரண்டு முறை போய்ப் பாருங்கள், ஒரு முறை சொல்லாமல். “நாளைக்கே வேறு ஆள் பணத்தோடு வருகிறார்” என்று சொன்னால் அவருக்கே கொடுக்கட்டும். ஒத்துக்கொண்டால், குட்டி வருமுன் வாங்க வேண்டியது கழுத்துப்பட்டை அல்ல, அறை வாசலில் மாட்டும் உயரமான தடுப்புக் கதவு. நாய் தின்னும்போதும் தூங்கும்போதும் மகன் அந்தப் பக்கம். இருவரும் ஒரே பக்கம் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். செல்போன் பார்த்துக்கொண்டு அடுத்த அறையில் இருப்பது கணக்கில் வராது. மகனுக்குப் பத்து வயது ஆகும்வரை இப்படித்தான். அவ்வளவு வருஷம் ஆள் இல்லை என்றால், இந்தக் குட்டியை இப்போது வாங்காதீர்கள்.