நாராவுக்கு அரை நாளா?

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். கன்சாய் பகுதிக்கு ஐந்து நாள். கியோட்டோவுக்கு மூன்று, ஒசாகாவுக்கு ஒன்றரை, நாராவுக்கு அரை நாள். மான், பெரிய புத்தர், அவ்வளவுதானே? ரயில் பாஸ் வாங்கலாமா? அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் மதுரைத் தமிழர் என்று வாட்ஸாப்பில் வந்தது. உண்மையா?

க.

அன்புள்ள க.,

ரயில் பாஸ் கணக்கு எனக்கு வராது, பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கண் திறந்தவர் போதிசேனர். 736-இல் சீனா வழியாக ஜப்பான் போன துறவி. 752-இல் தோதாய்ஜி கோயிலில் தூரிகை எடுத்துப் புத்தருக்கு விழி எழுதினார். தென்னிந்தியர் என்று அவர் சீடர் எழுதிய நினைவுரை சொல்கிறது. அங்கிருந்து மதுரைக்குத் தாவ வாட்ஸாப்புக்கு ஒரு நொடி போதும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

எனக்குக் கோபமே வேறு. ஊரைக் கேட்கிறீர்கள், அன்று என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தத் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். எழுதியது ஒரு கை, கண் திறந்த புண்ணியம் கயிறு பிடித்த அத்தனை பேருக்கும். அந்தக் கண்ணும் இன்று இல்லை. 855 நிலநடுக்கத்தில் தலை விழுந்தது. 1180-லும் 1567-லும் போரில் கோயில் எரிந்தது. இப்போது நீங்கள் படம் பிடிக்கப்போகும் முகம் பதினேழாம் நூற்றாண்டில் வார்த்தது. தூரிகையும் கயிறும்தான் ஷோசோயின் கருவூலத்தில் தப்பிக் கிடக்கின்றன. 1185-இல் மறுபடி கண் திறந்தபோது முன்னாள் பேரரசர் கோ-ஷிரகவா அதே தூரிகையைத்தான் கையில் எடுத்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு, "நம்ம ஊர் ஆளா?" என்று மட்டும் கேட்டால் எப்படி ஐயா?

திட்டிவிட்டேன், மன்னிக்கவும். நானும் முதல் தடவை அரை நாள்காரன்தான். கொடி பிடித்த வழிகாட்டி நாற்பது நிமிடம் கொடுத்தார், அதில் பாதி, மான் பிடுங்கிய வரைபடத்தை மீட்பதில் போனது.

அடுத்த தடவை மனைவியோடு போய் இரவு தங்கினேன். இருட்டும் நேரம், புத்தர் இருக்கும் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் மேடேறி, அதே கோயிலின் நிகாட்சுதோ என்ற மண்டபத்துக்குப் போனோம். கூட்டமெல்லாம் இறங்கிப் போயிருந்தது. இங்கே மார்ச் முதல் இரண்டு வாரம் தீப்பந்த விழா; 752 முதல் ஒரு வருடம்கூட விட்டதில்லை. 1667-இல் அந்த விழாவின்போதே மண்டபம் எரிந்துபோக, பக்கத்து மண்டபத்தில் வைத்து முடித்தார்கள். ஏப்ரலில் போகும் உங்களுக்கு அது கிடைக்காது. பரவாயில்லை, ஒசாகாவில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு அந்த மாலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு மூட்டு வலி. படியில் உட்கார்ந்தபடி, "உள்ளே என்ன சாமி?" என்றாள். பதினொரு முகக் கன்னோன், கருணைக்கான பௌத்தத் தெய்வம், யாருக்கும் காட்டமாட்டார்கள், பூசை செய்யும் துறவிகளே பார்த்ததில்லை என்றேன். அவள் கும்பிட்டாள்.

"பார்க்காமலேயா?"

"நம்ம ஊர்ல மட்டும் நின்னு பார்க்க விட்டாங்களா என்ன?"