பாம்பையே பார்க்காத மகளுக்குப் பாம்புப் பயமா?

கேள்வி: நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஆறு வயது மகள் உயிருள்ள பாம்பைப் பார்த்ததே இல்லை. ஆனால் மொட்டை மாடியில் சுருண்டு கிடந்த தண்ணீர்க் குழாயைக் கண்டு அலறிவிட்டாள். அதே பெண் பிளக் பாயிண்டில் ஹேர்பின்னைச் செருகப் போகிறாள். இந்தப் பயம் பிறவியிலேயே வருகிறதா?

பதில்: உங்கள் மகள் கண்டதைக் கயிற்றரவு, அதாவது கயிற்றில் தெரியும் பாம்பு, என்று நம் முன்னோர் சொல்வார்கள். குழாயைப் பாம்பென்று எண்ணித் துள்ளியவருக்கு ஒரு நொடிப் பதற்றத்தோடு போயிற்று. பாம்பைக் கயிறென்று எண்ணி மிதித்தவருக்கோ உயிரே போகலாம். ஆகவே, வீணாகப் பயந்தாலும் பரவாயில்லை என்று முந்திக்கொள்ளும் மனமே தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தது என்கிறது பரிணாம நோக்கு. இலண்டன் விலங்குக்காட்சிசாலையில், அசையக் கூடாது என்ற உறுதியோடு கண்ணாடியில் முகம் பதித்து நின்ற தாமே, உள்ளிருந்த விரியன் பாய்ந்ததும் ஓரிரு கஜம் பின்னால் துள்ளிவிட்டதாக டார்வின் 1872-இல் எழுதினார்.

இப்படி எதற்கும் ஓர் ஆதிகாலக் கதை கட்டிவிடலாம் என்பதுதான் இத்துறையில் எனக்குள்ள தயக்கம். ஆனால் பாம்பு விஷயத்தில் சோதனையே நடந்திருக்கிறது. 1980-களில் அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேகாவும் உடன் ஆய்வாளர்களும், ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகள் பாம்புக்குப் பெரிதாக அஞ்சவில்லை என்பதையும், காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதைப் பார்த்த சிறிது நேரத்திலேயே அவையும் மிரளத் தொடங்கின என்பதையும் கண்டார்கள். பிறகு, அதே மிரட்சியைப் பூவைக் கண்டு மிரள்வதுபோல் வெட்டி ஒட்டிய வீடியோவைக் காட்டியபோது, எந்தக் குரங்கும் பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை. அதாவது, பயம் பிறர் முகத்திலிருந்து வருகிறது. எதற்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் பிறவியோடு வருகிறது. மின்சாரம் வீட்டுக்குள் வந்து சில தலைமுறைகளே ஆகின்றன. பிளக் பாயிண்டுக்கு அந்த ஆயத்தம் நம்மிடம் இல்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடியது இன்னொரு சோதனை. பாம்பருகே பதறாமல் இருக்கும் குரங்கை முதலில் பார்த்துப் பழகியவற்றில் பெரும்பாலானவை, பின்னர் மிரளும் குரங்கைப் பார்த்தும் அந்தப் பயத்தைப் பற்றிக்கொள்ளவில்லை. ஆகவே அவள் அலறும்போது நீங்களும் சேர்ந்து அலறாதீர்கள்; கேலியும் வேண்டாம். குழாயை நீங்கள் முதலில் எடுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுங்கள், அவள் தள்ளி நின்றே பார்க்கட்டும். உண்மையான பாம்பைக் கண்டால் தொடாமல் விலகி வந்து பெரியவர்களிடம் சொல்லவும் பழக்குங்கள். பிளக் பாயிண்டுக்கு இன்றே மூடி வாங்கி மாட்டிவிடுங்கள்.