அவுட்போர்டு மோட்டாரின் ஸ்கெக் வளைந்துவிட்டது, சுத்தியலால் அடித்து நிமிர்த்தலாமா?

கேட்டவர் வள்ளத்தைக் கரையேற்றும்போது எஞ்சினைத் தூக்கக் கொஞ்சம் தாமதமாகி, எஞ்சினின் அடியில் தகடாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கெக் பாறையில் மோதி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. 15 குதிரைத்திறன் மோட்டார்.

அடிக்காதீர்கள். நான் அடித்து ஒடித்தவன், அதனால் சொல்கிறேன்.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே ஒரு கரையில் என் தாய்மாமாவுக்கு பைபர் வள்ளம் இருந்தது. 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் எஞ்சின். அந்தக் கரையில் திரை தூக்கி அடிக்கும் நேரத்தில் வள்ளத்தை ஏற்றினால் எஞ்சின் எதிலாவது இடிக்காமல் வருவதே அதிர்ஷ்டம். ஒருநாள் ஸ்கெக் வளைந்து வந்தது. "எடே மக்ளே, அதைத் தொடாதே, ஒடிஞ்சு போவும்" என்றார் மாமா. எனக்கு அப்போது வயது பத்தொன்பது, கையில் சுத்தியல். மூன்றாவது அடியில் உள்ளங்கை அகலத் துண்டு மணலில் கிடந்தது.

காரணம் எளிது. புரொப்பல்லருக்குக் கீழே சுறாவின் செட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தகடு தனியாகப் பொருத்தியது அல்ல. கியர் பெட்டியோடு சேர்த்து ஒரே வார்ப்பாக வருவது. சிலிக்கான் கலந்த வார்ப்பு அலுமினியம் இரும்புத் தகடு போல வளைந்து கொடுக்காது. ஒருமுறை வளைந்ததே அதன் பொறுமையின் எல்லை. குளிர்ந்த நிலையில் திருப்பி வளைத்தால் விரிசல்தான். போதாததற்கு, சுத்தியலின் அதிர்ச்சி நேராக உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் பற்சக்கரத்துக்கும் போகும்.

அதனால் ஸ்கெக்கை மறந்துவிட்டு முதலில் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். உங்கள் காசைத் தின்னப்போவது அதுதான். பிளக் வயர்களைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, விசிறியை (புரொப்பல்லரை) கழற்றிவிட்டு, ஷாஃப்டின் நுனிக்கு ஒட்டினாற்போல ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். கம்பிக்கும் ஷாஃப்டுக்கும் இடைவெளி கூடிக் குறைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. பிறகு ஸ்கெக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அடுத்து கியர் ஆயில். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போயிருக்கலாம் அல்லது பெட்டியே விரிசல் விட்டிருக்கலாம். விரிசலைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெயே போதும்: ஸ்கெக் பெட்டியோடு சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் சற்று நேரத்தில் ஈரக்கோடாகத் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்து, வளைவும் லேசாக இருந்தால், அப்படியே ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன். ஸ்கெக்கின் வேலை விசிறிக்கு முன்னால் தானே அடி வாங்குவது, வள்ளம் நேராகப் போக உதவுவது. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இரண்டையும் செய்யும். சில பெரிய மோட்டார்களில் கம்பெனியே லேசான வளைவோடுதான் வார்க்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் இழுத்தால், விசிறிக்கு மேலே சின்னத் தகடு இருக்கிறதா பாருங்கள் (சிறிய மோட்டார்கள் பலவற்றில் இருக்காது). வள்ளம் எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறதோ, தகட்டின் பின்நுனியையும் அதே பக்கம் திருப்ப வேண்டும். பலர் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு மெக்கானிக்கைத் திட்டுவார்கள்.

வளைவு அதிகமாகி, வேகம் கூட்டும்போது நீரில் குமிழி கிளம்பி விசிறி வெறுமனே சுற்றினால் மட்டும் நிமிர்த்தலாம். சூடாக்கித்தான். கியர் பெட்டியை இறக்கி, ஆயிலை வடித்து, ஆயில் திருகுகளைத் திறந்தே வையுங்கள். மூடிய பெட்டியைச் சூடாக்கக் கூடாது. மேல் பகுதியில் ஈரச்சாக்கு சுற்றுங்கள். அலுமினியம் சிவக்காது, சிவக்கும் என்று காத்திருந்தால் உருகி விழும். பழைய உபாயம் ஒன்று உண்டு: வளைவின் மேல் சவுக்காரக் கட்டியை (சோப்பை) தேய்த்து, கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினால், சவுக்காரம் கருக்கும் நேரத்தில் உலோகம் இளகியிருக்கும். அப்போது இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்து கிளாம்பால் இறுக்கி, மெல்ல மெல்லத் திருப்புங்கள். ஆறினால் மறுபடி சூடு. முக்கால்வாசி நிமிர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதிக் கால்வாசிக்கு ஆசைப்பட்டுத்தான் பலருக்கு ஒடிகிறது. இவ்வளவு சூடு பட்ட பிறகு ஷாஃப்ட் சீலை மாற்றாமல் பூட்டாதீர்கள். பெட்டியை இறக்கியது இறக்கியாயிற்று, தண்ணீர் பம்பின் இம்பெல்லரையும் மாற்றிவிடுங்கள்.

ஒடிந்தே போனால் ஆர்கான் வெல்டிங். மாமாவின் ஸ்கெக்குக்கு அதுதான் நடந்தது. அதே மாடல் எஞ்சினை வைத்து அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு போனேன். உப்புத் தண்ணீரில் ஊறிய வார்ப்பு என்பதால் முதல் ஒட்டு முழுக்கத் துளைத்துளையாகப் பொங்கியது. வெல்டர் அதை அரைத்து எடுத்து, ஸ்டெயின்லெஸ் பிரஷ் போட்டு, அசிட்டோனில் துடைத்து, லேசாகச் சூடுகாட்டி, 4043 என்ற அலுமினிய வெல்டிங் கம்பியில் மறுபடி ஒட்டினார். எம்-சீல் பூசி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெயிண்டில் ஒரு எச்சரிக்கை. அலுமினியத்துக்கான பிரைமர் அடித்த பிறகே மேல்பூச்சு. செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயிண்டை அங்கே கொண்டுபோகாதீர்கள். கடல்நீரில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபட வைத்திருக்கும் துத்தநாகக் கட்டியின் மேல் எந்தப் பெயிண்டும் படக் கூடாது.

ஆயிலைக் கீழ்த் துளை வழியாக நிரப்புங்கள், மேல் துளையில் வழிந்தால் போதும். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை நிமிர்த்தி வைத்து இரவு முழுக்க விடுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும். காலையில் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் வரும் சொட்டே பதில் சொல்லிவிடும்.