சான்றிதழ் கேள்விகள்: அக்கா பெயரை விட்டுவிடலாமா?

தாலுகா அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் குடியிருப்போர் சங்கத்தில் ஞாயிறுதோறும் வரும் கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதற்கு உங்கள் வக்கீல்தான் சரியான ஆள்.

வேளச்சேரி: பையனுக்கு 3 வயது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. பள்ளியில் கேட்கிறார்கள்.

பயப்படாதீர்கள் அம்மா. பிறப்பைப் பதிவு செய்வது வேறு, பெயர் சேர்ப்பது வேறு. பதிவுக்குத்தான் 21 நாள் கணக்கு. அதை ஆஸ்பத்திரியே செய்திருக்கும். பெயரை ஒரு வருடம் வரை கட்டணம் இல்லாமலும், அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டியும் சேர்க்கலாம். போக வேண்டிய இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஆஸ்பத்திரி எந்தப் பகுதியில் இருக்கிறதோ, அந்தப் பகுதிக்கான அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீடு வேளச்சேரி, பிரசவம் எழும்பூர் என்றால் பதிவு எழும்பூர் பக்கம்தான் இருக்கும்.

இன்னொன்று. பெயரைச் சேர்ப்பது சுலபம், சேர்த்த பெயரைத் திருத்துவது பெரும்பாடு. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதையெல்லாம் வீட்டிலேயே முடிவு செய்து, தாளில் எழுதி எடுத்துப் போங்கள். 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இதில் ஓர் எழுத்து பிசகினால் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

சோழிங்கநல்லூர்: என் சாதிச் சான்றிதழில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 2018-இல்தான் உங்கள் தாலுகா சென்னை மாவட்டத்துக்கு வந்தது. வாங்கிய அன்று அது காஞ்சிபுரம்தானே? சான்றிதழ் செல்லும்.

அயனாவரம்: வருமானச் சான்றிதழ் எத்தனை நாளில் கிடைக்கும்?

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதியுங்கள். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று படிப்படியாக மேலே போகும். யாரிடம் நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம். நாள் கணக்கு நான் சொல்ல முடியாது. கல்லூரி கடைசித் தேதிக்கு முந்தின வாரம் விண்ணப்பிக்காதீர்கள்.

பெரம்பூர்: அப்பா தவறிவிட்டார். அம்மா, நான், தம்பி, அக்கா. அக்காவுக்கு 1985-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, சீரெல்லாம் செய்தாயிற்று. வாரிசுச் சான்றிதழில் அக்கா பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாமா?

கூடாது தம்பி. வாரிசுச் சான்றிதழ் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிற காகிதம் இல்லை. இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று தாசில்தார் உறுதி செய்கிற பட்டியல், அவ்வளவுதான். ஒரு பெயரை மறைத்து வாங்கினால் அது தகவலை மறைத்து வாங்கிய சான்றிதழ். அக்கா ஒரு மனு கொடுத்தால் ரத்தாகும். அதை நம்பி நீங்கள் செய்த பெயர் மாற்றம், விற்பனை எல்லாம் சிக்கலில் நிற்கும்.

உங்கள் பாட்டி உயிருடன் இருக்கிறாரா என்று எழுதவில்லை. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள்.

கொளத்தூர்: சார், குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். 1989 சட்டப்படி அதற்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு இல்லை என்றுதானே சொல்வார்கள்?

அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பாதி உண்மை என்பதால்தான் இத்தனை நாள் நிற்கிறது. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை கொடுத்தது, 25.3.1989-க்கு முன் கல்யாணம் ஆனவர்களை விலக்கியது. 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்த விலக்கு கிடையாது. 2005-இல் அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் கதை வேறு.

இவ்வளவும் பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சம்பாதித்து வாங்கிய வீடாக இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-இலிருந்தே மகளுக்குச் சமபங்குதான். கல்யாணத் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கொளத்தூர்: அப்போது சீர், நகை போட்டதெல்லாம் கணக்கில்லையா?

சட்டத்தில் இல்லை. அக்காவாக மனமுவந்து பங்கை விட்டுக் கொடுத்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியலாம். அதற்கும் முதலில் அவர் பெயர் வாரிசுச் சான்றிதழில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் எதை விட்டுக் கொடுப்பார்? பெண்ணின் பெயரை அடித்துவிட்டு வந்து நின்ற அண்ணன் தம்பிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை.

மாதவரம்: நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் இதேதானா?

இல்லை. உங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முறை ஒன்றுதான். பங்குக் கணக்கை வக்கீலிடம் கேளுங்கள்.

ஜாபர்கான்பேட்டை: 2015 வெள்ளத்தில் கிரயப் பத்திரம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் போய்விட்டது. இப்போது வீட்டை விற்க வேண்டும்.

அந்த டிசம்பரில் நகல் ஆவணங்களுக்கென்றே சிறப்பு முகாம் போட்டார்கள், தவறவிட்டவர்கள் ஏராளம். பத்திரம் பதிவானதுதானே? பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆவண எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள், அதில் எண் இருக்கும். தொலைந்ததற்குக் காவல்துறை இணையதளத்தில் அறிக்கை பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலுக்குப் படித்த பள்ளியிலிருந்து தொடங்குங்கள்.

நகல் வந்ததும் அதை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அலுவலக வாசலில் “நான் முடித்துத் தருகிறேன்” என்று நிற்பவரிடம் ஒரு பெண்மணி கணவரின் அசல் ஆவணங்களைக் கொடுத்துவிட்டு, ஆளும் இல்லை, காகிதமும் இல்லை என்று என் மேஜை முன் நின்று அழுதிருக்கிறார்.

கிண்டி: பிறந்த தேதிக்கு ஆதார் மட்டும் போதுமா?
திருவொற்றியூர்: ஆதார் இருந்தால் பிறப்புச் சான்றிதழ் எதற்கு?
அம்பத்தூர்: ஆதாரை மட்டும் கொடுத்தால் ஏற்பார்களா?

மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அடுத்த வாரம் இதைத் திரும்பக் கேட்காதீர்கள். ஆதார் அடையாள அட்டை. வயதைத் தீர்மானிக்கும் ஆவணம் அல்ல என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

தண்டையார்பேட்டை: அண்ணன் பி.காம். முடித்துவிட்டான். எனக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது.

ஆலந்தூர்: பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படி விரித்து எழுதுவது?

என் துறை இல்லை. பாஸ்போர்ட் சேவா மையத்தில் கேளுங்கள்.

பெரம்பூர்: சார், நான்தான் மறுபடியும். அக்காவிடம் பேசிவிட்டேன், அழுதுவிட்டார். பாட்டி இல்லை. இப்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

நல்லது செய்தீர்கள் தம்பி. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மா, அக்கா, தம்பி, உங்களுடைய ஆதார், குடும்ப அட்டை. பாட்டி தவறியதற்கான சான்றிதழ் இருந்தால் அதுவும். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். போவதற்கு முன் அப்பாவின் பெயர் எல்லாக் காகிதத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அக்காவையும் உட்கார வைத்துப் பாருங்கள்.