ஒரு காதில் மட்டும் பாட்டு நின்றுபோவது ஏன்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் 'காதில் மாட்டும் கருவிகளைப் பற்றிக் கேளுங்கள்' என்று ஒரு வரி போட்டோம். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை ரிச்சி தெருவில் என் மாடிக் கடைக்கே அனுப்பிவிட்டார். டிரான்சிஸ்டர், வாக்மேன், இப்போது இயர்பட்ஸ் என்று காதுக்குப் பக்கத்தில் வைக்கிற சாமான்களிலேயே பிழைப்பு நடத்துகிறவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பெரம்பூரில் 29சி ஏறினால் பெசன்ட் நகர் வரை பாட்டுத்தான். பஸ்சுக்குள் ஒழுங்காகப் பாடுகிறது. இறங்கி நடந்தால் வலது காது மட்டும் விட்டுவிட்டு வருகிறது. பீச் மணலில் அது சுத்தமாக நின்றுபோகிறது. புது இயர்பட்ஸ். ஏமாந்துவிட்டேனா? (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

ஏமாறவில்லை தம்பி. போனை எந்தப் பாக்கெட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! இடது பக்க பேன்ட் பாக்கெட்டாக இருக்கும் என்பது என் ஊகம்.

கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இருக்கிறதல்லவா, அதில் போனிலிருந்து கழுத்து வரைதான் காற்றில் வரும். அங்கிருந்து இரண்டு காதுக்கும் ஒயர். உங்கள் இயர்பட்ஸில் அந்த ஒயரும் கிடையாது. இடது ஒரு முழு ரேடியோ, வலது ஒரு முழு ரேடியோ. ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக சிப், ஆன்டெனா, மைக், ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் உண்டு.

ஆனால் ப்ளூடூத்தில் பாட்டு அனுப்பும் பழைய முறை, ஒரு போனுக்கு ஒரு ஹெட்செட் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஹெட்செட் இரண்டு துண்டாக வந்து நிற்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அதனால் தயாரிப்பாளர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரண்டில் ஒன்று அண்ணன், மற்றது தம்பி. போன் பேசுவது அண்ணனிடம் மட்டும். அவன் வாங்கி, தன் பங்கை வாசித்துக்கொண்டே, மற்றதைத் தம்பிக்கு மறுபடி ஒலிபரப்புவான். போன் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அதன் கணக்கில் இருப்பது ஒரே ஹெட்செட்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? உங்கள் தலை. ப்ளூடூத் ஓடுவது 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில். அந்த அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பு நேற்றைய சாம்பாரைச் சூடாக்குவதும் இதே பட்டையில்தான். (பயப்பட வேண்டாம், சக்தியில் லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம்.) நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ஆக, நேர்வழி அடைபட்டுப் போகிறது. பஸ்சுக்குள் தகரத்திலும், வீட்டுக்குள் சுவரிலும் பட்டுத் திரும்பி, அலை எப்படியோ சுற்றிவந்து மறு காதுக்குச் சேர்ந்துவிடும். பீச்சில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. அதுதான் நீங்கள் பார்த்தது.

2015 வாக்கில் ஒயரே இல்லாத இயர்பட்ஸ் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோதே இந்தத் தலைவலி தொடங்கிவிட்டது. தலையைத் தாண்டுவதற்காகவே சிலர் இரண்டு காதுக்கும் நடுவில் ப்ளூடூத்தை விட்டுவிட்டு, மிகக் குறைந்த அலைவரிசையில் காந்தப்புலம் வழியாகப் பேச வைத்தார்கள். காந்தப்புலத்துக்கு உடம்பு ஒரு தடையே இல்லை. ஆனால் கூடுதலாக ஒரு சிப், ஒரு காயில், அதற்கான செலவு. அது நிலைக்கவில்லை.

இப்போது நல்ல மாடல்களில் நடப்பது வேறு. தம்பி ஒட்டுக்கேட்கிறான்! ப்ளூடூத் ஒரே சேனலில் நிற்காது. 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வைஃபை, இன்னும் நாலு பேருடைய ஹெட்செட் என்று எல்லாம் அதே பட்டையில் கிடக்கும்போது இடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தத் தாவல். எந்த வரிசையில் தாவ வேண்டும், போன் ரகசியமாகப் பூட்டி அனுப்பும் பாட்டைத் திறக்கும் சாவி எது என்பதை அண்ணன் முன்கூட்டியே தம்பியிடம் சொல்லிவைக்கிறான். அதன்பிறகு போன் அண்ணனுக்கு அனுப்புவதையே தம்பியும் நேராகக் கேட்டுக்கொள்கிறான். ஏதாவது விட்டுப்போனால் மட்டும் அண்ணனைக் கேட்கிறான்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருவது நேரக் கணக்குதான். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதை அடைந்து மறு காதை அடைய ஆகும் தாமதம் ஒரு மில்லிசெகண்ட் கூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே சத்தம் எந்தத் திசை என்று மூளை முடிவு செய்கிறது. இடதும் வலதும் அந்த அளவுக்குப் பிசகினாலே பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய்விடுவார். அதனால் இரண்டு பட்ஸும் போனின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்தபடியே ஓடுகின்றன.

2020-இல் அறிவித்த எல்இ ஆடியோ என்ற புது முறையில் அண்ணன் தம்பி விவகாரமே கிடையாது. போன் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே அனுப்பும். ஆனால் பெட்டியில் ப்ளூடூத் 5.3 என்று போட்டிருப்பதைப் பார்த்து அது இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எல்இ ஆடியோ என்று தனியாக எழுதியிருக்க வேண்டும், உங்கள் போனிலும் இருக்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? போனை சட்டைப் பாக்கெட்டுக்கோ, அண்ணன் இருக்கும் பக்கத்துக்கோ மாற்றுங்கள். பல மாடல்களில் சார்ஜ் போடும் கேஸிலிருந்து முதலில் எடுப்பது எதுவோ அதுவே அண்ணன் ஆகிவிடும். அப்புறம், இரண்டில் ஒன்று சீக்கிரம் சார்ஜ் தீர்ந்தால் அதுவும் குறையில்லை. போன் பேசும்போது அநேகமாக அண்ணனின் மைக்தான் வேலை செய்யும், அவனுக்குத்தான் உழைப்பு அதிகம்.

கேள்வி: நேப்பியர் பாலத்தில் செல்ஃபி எடுக்கும்போது இடது பட் கூவத்தில் விழுந்துவிட்டது. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்ததே, பிழைத்திருக்குமா? (வாசகி, சேப்பாக்கம்)

ஐபிஎக்ஸ்7 என்பது தண்ணீர் தாங்கும் தரக்குறி: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம். நல்ல தண்ணீரில்! கூவத்துக்கு இன்னும் யாரும் தரச்சான்று கொடுக்கவில்லை.

வலதை மட்டும் வைத்துக் கேட்கலாம், பெரும்பாலான மாடல்கள் விடும். இடது மட்டும் தனியாக வாங்க வேண்டுமானால் அதே மாடலாக இருக்க வேண்டும். புதியதும் பழையதும் ஒன்றையொன்று அறியாது என்பதால் இரண்டையும் கேஸில் வைத்து ரீசெட் செய்து அறிமுகப்படுத்த வேண்டும். போனில் பழைய பெயரை அழித்துவிட்டு மறுபடி கனெக்ட் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து ஆன்லைனில் பாட்டு சொல்லித் தருகிறேன். மகன் விலை உயர்ந்த இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தான். கச்சேரி கேட்டால் அற்புதம். வகுப்பு தொடங்கியதும் குழந்தைகள் குரல் பழைய டிரங்கால் மாதிரி ஆகிவிடுகிறது. தாளமும் தள்ளிப்போகிறது. (பாட்டு ஆசிரியை, மயிலாப்பூர்)

அம்மா, பட்ஸ் மேல் தப்பில்லை. உங்கள் மகன் மேலும் இல்லை. ப்ளூடூத்துக்கு இரண்டு வேஷம் உண்டு. பாட்டு கேட்கும்போது போன் அனுப்புகிறது, பட்ஸ் வாங்குகிறது, ஒருவழிப் பாதை. பாதை முழுவதும் பாட்டுக்கே. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்த ஒலியை (அத்தனை தடவை அளந்து எழுதிய ஒலி), எஸ்பிசி, ஏஏசி என்ற சுருக்கும் முறைகளில் ஒன்றால் சின்னதாக்கி அனுப்பும். சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருப்பதை எஸ்பிசி சுமார் 328-க்குள் அடக்கும். அப்படியும் தம்புரா நிறைவாகவே கேட்கும்.

மைக் திறந்த மறுகணம் வேஷம் மாறிவிடுகிறது. போகவும் வரவும் பாதை வேண்டும் என்பதால் பேச்சுக்கான முறைக்குத் தாவுகிறது. அங்கே நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். 8,000 என்றால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் வராது. 'ச'வும் 'ஸ'வும் மங்கும், குரலின் மினுமினுப்பு போய்விடும். காசு அதிகம் கொடுத்த பட்ஸிலும் பெரும்பாலும் இதேதான். எல்இ ஆடியோ வந்தால் இதுவும் தேறும்.

தாளத்துக்கு வருவோம். சுருக்கி, அனுப்பி, சேர்த்துவைத்து, விரித்து வாசிக்க ப்ளூடூத்தில் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். சினிமா பார்த்தால் தெரியாது, ஏனென்றால் வீடியோ ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திவிடும். ஆனால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் அரை நொடி என்று வைத்தால், கால் நொடித் தாமதம் பாதித் தட்டைத் தின்றுவிடுகிறது. இதற்கு மேல் இன்டர்நெட்டின் தாமதம் வேறு.

வகுப்புக்கு மைக் வைத்த சாதாரண ஒயர் ஹெட்செட் போதும். விலை குறைந்ததே உங்களுக்கு இதைவிட நன்றாக உழைக்கும். மடிக்கணினியில் நடத்துகிறீர்கள் என்றால் இன்னொரு வழி: செட்டிங்கில் மைக்காக மடிக்கணினியின் மைக்கையும், ஸ்பீக்கராக மட்டும் இயர்பட்ஸையும் தேர்ந்தெடுங்கள். குரல் தெளிவாகிவிடும். தாளத் தாமதம் மட்டும் அப்படியே இருக்கும்.

கேள்வி: ஏஎன்சி, இஎன்சி என்று போடுகிறார்களே, இரண்டும் ஒன்றா? தாம்பரம் மின்சார ரயிலில் பேச எது நல்லது? (வங்கி ஊழியர், குரோம்பேட்டை)

விளம்பரக்காரர்கள் இரண்டையும் ஒன்று போலவே ஒலிக்க வைக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. ஏஎன்சி உங்கள் காதுக்கு. வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கரில் விட்டு, இரண்டையும் மோதவிட்டு அடக்குவது. இஎன்சி எதிர்முனையில் இருப்பவர் காதுக்கு. உங்கள் மைக்கில் விழும் சுற்றுச்சத்தத்தை வடிகட்டி உங்கள் குரலை மட்டும் அனுப்பப் பார்ப்பது. இஎன்சி மட்டும் உள்ள பட்ஸை மாட்டிக்கொண்டு 'ரயில் சத்தம் குறையவே இல்லை' என்று கடைக்கு வருகிறவர்கள் நிறைய. அது குறைக்காது, அதன் வேலை அதுவல்ல.

ரயிலில் பேச வேண்டும் என்றால் இஎன்சி பாருங்கள். ரயிலில் நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்றால் ஏஎன்சி. ரயிலின் உறுமல், ஏசியின் இரைச்சல் போன்ற மாறாத அடித்தொனிகளை அது நன்றாக அடக்கும். ஹாரன், சுண்டல்காரர் குரல், பக்கத்து சீட்டுச் சண்டை எல்லாம் பெரும்பாலும் தாண்டி வந்துவிடும், கணக்குப் போட்டு எதிர் அலை விடுவதற்குள் அவை மாறிவிடுகின்றன. அவற்றைத் தடுப்பது காதில் பொருந்தும் ரப்பர் முனைதான். கூடவே கொடுக்கும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். தண்டவாளம் கடக்கும்போது மட்டும் தயவுசெய்து இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ப்ளூடூத் கதிர்வீச்சு மூளையைப் பாதிக்குமா? (வாசகர், அம்பத்தூர்)

இயர்பட்ஸ் வகை ப்ளூடூத்தின் சக்தி சில மில்லிவாட்தான். போனைக் காதில் ஒட்டிப் பேசினால் அதைவிட அதிகம். நீங்கள் பயப்பட வேண்டியது வால்யூமுக்கு. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான்.

கேள்வி: '40 மணி நேரம்' என்றார்கள். ஐந்து மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஒன்றரை வருடத்தில் வலது சார்ஜே ஏறவில்லை. பேட்டரி மாற்ற முடியுமா? (இல்லத்தரசி, திருவான்மியூர்)

40 என்பது கேஸில் இருக்கும் சார்ஜையும் சேர்த்த கணக்கு. பட்டுக்குள் இருப்பது 40 மில்லிஆம்பியர்-அவர் அளவிலான பொடி பேட்டரி, போனில் 5,000 இருக்கும். ஒரு தடவைக்கு ஐந்தாறு மணி நேரம் வந்தாலே அது நல்ல பேட்டரி. அந்த 40 மணி நேரக் கணக்கைக் கூட பாதி வால்யூமில், ஏஎன்சியை அணைத்துவைத்து எடுத்திருப்பார்கள்.

சார்ஜ் ஏறாததற்கு பேட்டரியைக் குறை சொல்லும் முன் பட்டின் அடியில் உள்ள சின்ன உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். திருவான்மியூர் உப்புக் காற்று, வியர்வை, காதழுக்கு மூன்றும் சேர்ந்து அங்கே பச்சையாகப் பிடித்திருக்கும். கேஸுக்குள் குழியில் ஸ்பிரிங் வைத்த ஊசிகள் இருக்கும், அதிலும் இதே கதை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், காய்ந்தபிறகு வையுங்கள். என் கடைக்கு 'செத்துப்போச்சு' என்று வருவதில் பெரும்பகுதி இப்படியே எழுந்துவிடும். ஒரு பக்கம் சத்தம் குறைவாக வந்தால் வலையில் அடைத்த அழுக்குதான், காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டுங்கள்.

துடைத்தும் ஏறவில்லை என்றால் பேட்டரிதான். இந்த லித்தியம் வகை சுமார் 300 முதல் 500 முழு சார்ஜ் வரை தாங்கும். மாற்றலாம், ஆனால் பசை போட்டு மூடியிருப்பார்கள். திறந்தால் தண்ணீர் தடுப்பு போய்விடும், விலை குறைந்த பட்ஸுக்குக் கூலியே கட்டாது. கேஸ் உப்பி மூடி சரியாக மூடவில்லை என்றால் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், குப்பை வண்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் 'பேட்டரி உப்பியிருக்கிறது' என்று சொல்லிக் கொடுங்கள்.